சபை மக்களே கூடிப் படித்து யோசிக்கிற சிறு குழு: யாழ்ப்பாணத்தில் நடத்தலாமா?

மானிப்பாய்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அவுஸ்திரேலியாவில் இருக்கிற என் மச்சாள் ‘எஜுகேஷன் ஃபோர் மினிஸ்ட்ரி’ என்று ஒரு நாலு வருடப் படிப்பில் சேர்ந்திருக்கிறா. பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது, குருவானவர் ஆகப் போகிறவர்களுக்கானதும் இல்லையாம். கிழமைக்கு ஒருநாள் பத்துப் பேர் அளவில் கூடி, வீட்டில் வாசித்துக்கொண்டு வந்ததைக் கதைத்து, தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எடுத்து வைத்து யோசிக்கிறார்களாம். போனில் அவ சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் சபையிலும் வெள்ளிக்கிழமை வேதபாடம் இருக்கிறது. போதகர் நல்லவர், ஆயத்தப்படுத்தாமல் வரமாட்டார். முக்கால் மணித்தியாலம் அவர் பேசுவார், நாங்கள் கேட்போம், கடைசியில் “ஏதும் கேள்வி இருக்கா?” என்பார், ஒருவரும் வாய் திறக்கமாட்டோம், ஜெபம் பண்ணிவிட்டு ரீ குடிப்போம். பிறகு வாசலில் செருப்புப் போடும்போதுதான் கேள்விகள் வரும். யோபு படித்த அன்று ஒரு அம்மா என் காதோடு கேட்டா: “கடைசியில் பத்துப் பிள்ளைகள் திரும்பக் கிடைத்தது என்று ஐயா சந்தோசமாகச் சொல்லி முடிச்சிட்டார், முதல் செத்த பத்தும் செத்ததுதானே?” 2009 இல் மகனைக் கொடுத்தவ அவ. நான் என்ன சொல்ல?

ஒரு தாதி, இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், ஏ.எல் எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகள், கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை, இப்படிக் கொஞ்சப் பேர் வருவோம் என்கிறார்கள். போதகர் இல்லாமல் இப்படி ஒன்று நடத்தலாமா? தமிழில் எதை வைத்துப் படிப்பது? ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்லிச் சண்டையில் முடிந்தால் என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.

மெல்பேர்ண் மாமா:

தங்கச்சி, உங்கள் மச்சாள் சேர்ந்த அதே படிப்பை நான் நாலு வருடமும் முடித்தவன், ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துச் செவானி என்ற ஊரில் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது, அதன் இறையியல் பள்ளி 1975 இல் தொடங்கின படிப்பு இது. முதல் வருடம் பழைய ஏற்பாடு, இரண்டாம் வருடம் புதிய ஏற்பாடு, மூன்றாம் வருடம் திருச்சபை வரலாறு, நாலாம் வருடம் இறையியல், ஒழுக்கவியல், பிற சமயத்தவரோடு உறவாடுவது. குழுவுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதிய வேண்டும், நாலு வருடத்துக்கும் சேர்த்து ஒருவரையும் கட்டிப்போடுவதில்லை. எனக்குப் பிடித்தது என்னவென்றால் முதல் வருடக்காரரும் நாலாம் வருடக்காரரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் இருப்பார்கள். ஒருவர் ஆதியாகமம் வாசித்திருப்பார், பக்கத்தில் இருப்பவர் லூதரை வாசித்திருப்பார், ஆளுக்கு ஆள் தங்கள் பாடத்தைச் சொல்லவேண்டிய கட்டாயம் இருப்பதால் வாசிக்காமல் வந்து ஒளிந்திருக்க முடியாது.

நடத்துகிறவரை மென்ரர் என்பார்கள். அவர் ஆசிரியர் இல்லை. அதற்கென்று பயிற்சி எடுக்கவேண்டும், அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகுவதுதான் என்று எங்களுக்குள் ஒரு பகிடி. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லுவோம். சாட்சி சொல்வது மாதிரி இல்லை, எங்கே நம்பினேன், எங்கே நம்பிக்கை விட்டுப்போனது என்றெல்லாம். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய வேலை, நான் முதல் தரம் என் படிப்பையும் வேலையையும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

பிறகு அந்த யோசிக்கிற பகுதி. ஒருவருக்கு நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து நாலு பக்கத்தால் பார்ப்போம்: என்ன நடந்தது, வேதமும் திருச்சபையின் மரபும் இதைப்பற்றி என்ன சொல்கிறது, நாங்கள் இருக்கிற சமூகம் என்ன சொல்கிறது, நான் உள்ளுக்குள் உண்மையிலேயே எதை நம்புகிறேன். நாலாவதுதான் கஷ்டம், ஏனென்றால் வாயால் சொல்கிற விசுவாசமும் காசு, சாதி, பிள்ளையின் கலியாணம் என்று வரும்போது நடந்துகொள்கிற விதமும் இரண்டாக இருப்பது அங்கேதான் வெளியே வரும்.

ஆனால் அதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். புத்தகமெல்லாம் ஆங்கிலம், கட்டணம் டொலரில். முறையை மட்டும் எடுங்கோ. நாலாம் வருடப் பாடம் உங்களுக்கு முதல் நாளிலேயே வந்துவிடும், வெள்ளைக்காரன் புத்தகத்தில் தேடிப் படிக்கிற பிற சமய உறவு உங்களுக்கு அடுத்த வளவில், பாதி வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே இருக்கிறது.

பருத்தித்துறை வாத்தியார்:

பிள்ளை, இது ஏதோ புதுச் சாமான் மாதிரிக் கதைக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் பழசும் சொல்கிறேன், மெதடிஸ்தக்காரன் பொறுத்தருள்க. எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லியின் ‘வகுப்புக் கூட்டம்’ 1742 இல் பிரிஸ்ரல் நகரில் எப்படித் தொடங்கியது என்றால், கட்டடக் கடனை அடைக்க. ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு ஆள் வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பது என்று ஏற்பாடு. காசு சேர்க்கப் போனவர்கள் வீடுகளில் நடக்கிறதைக் கண்டுவந்து சொல்ல, வெஸ்லி அதையே ஆத்தும விசாரணைக்கு வழியாக்கினார். தலைவர்களில் பெரும்பாலானோர் சாதாரண சனம், அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆகவே போதகர் இல்லாமல் நடத்தலாமா என்ற கேள்விக்கு எங்கள் சபையின் வரலாறே பதில்.

அடுத்தது, யாழ்ப்பாணத்தில் இதைக் கெடுக்கப் போகிறது சண்டை இல்லை, ரியூசன் பழக்கம். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கின காலத்திலிருந்து நாங்கள் படிப்பென்றால் நோட்ஸ், பரீட்சை, சேர்டிபிக்கேற் என்றுதான் பழகியிருக்கிறோம். நான் ஒருமுறை இப்படி ஒரு குழுவுக்குப் போனேன், இரண்டாம் கிழமையே ஒரு தாய் “சேர், இதுக்குச் சான்றிதழ் குடுப்பீங்களா, மகளின்ர பாடசாலைக் கோப்பில போடலாம்” என்று கேட்டா. மூன்றாம் கிழமை எல்லாரும் சீ.ஆர் கொப்பியோடு வந்தார்கள். கொப்பி வந்தால் முடிந்தது, நடத்துகிறவர் சொல்வதை எழுதத்தான் தோன்றும், தன் வாயால் ஒன்றும் வராது. கொப்பியை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கோ.

ஆனால் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் அனுபவப் பகிர்வு நாலு மாதத்தில் ஊர்க்கதை ஆகிவிடும். தமிழில் சாமான் இருக்கிறது. 1995 இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் அடிக்குறிப்பும் உண்டு, கத்தோலிக்கரும் மற்றச் சபைகளும் சேர்ந்து செய்தது, அதைப் பழைய வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாலே பாதிக் கேள்வி தானாக வரும். இறையியற் கல்லூரிக்குப் போகமுடியாதவர்களிடம் கல்லூரியே வருகிற விரிவாக்கக் கல்வி 1963 இல் குவாத்தமாலாவில் தொடங்கியது, அந்த வழியில் 1971 இல் பெங்களூரில் டாஃப்டீ என்ற விரிவாக்கக் கல்வி அமைப்பு வந்தது. வீட்டில் பாடத்தைச் செய்து கிழமைக்கு ஒருமுறை கூடுகிற முறைதான் அதுவும். இங்கே பிலிமத்தலாவை இறையியற் கல்லூரியில் தமிழில் படித்து வந்த இளம் குருமார் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்த்துவைத்த கேள்விகளை நீட்டுங்கோ, சந்தோசமாக வருவார்கள். பிரசங்கம் செய்யக் கூப்பிடாதேங்கோ.

குருநகர்ப் பொடியன்:

எங்கள் பக்கம் அன்பியம், அதாவது அயலில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற சிறு குழு, இருக்கிறது. தென்னாபிரிக்காவில் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படி முறையில் நற்செய்தி வாசிப்போம். ஆண்டவரை அழைக்கிறது, வாசிக்கிறது, மனதில் பட்ட ஒரு சொல்லையோ வரியையோ மெல்லச் சொல்கிறது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கிறது, செபம். நல்ல முறை, கன நாள் படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் பல இடங்களில் ஆறாம் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள், ‘என்ன செய்யப்போகிறோம்’ என்ற கேள்விக்குப் பதிலாகச் செபமாலையும் வடையும் வந்துவிடும். கார்டினல் கார்டைன் பெல்ஜியத்துத் தொழிலாளப் பொடியளுக்குச் சொல்லிக்கொடுத்த ‘பார், தீர்மானி, செயற்படு’ என்பதும் அதே பாதைதான். மாமா சொன்ன நாலு பக்கமும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது. ஆறாம் படியைக் கைவிடாதேங்கோ அக்கா, அவ்வளவுதான்.

மானிப்பாய்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, கொப்பி விஷயம் வாசித்துச் சிரித்துவிட்டேன், தபாலதிபர் ஐயா ஏற்கனவே ஒரு கொப்பி வாங்கிவிட்டார்.

ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. நாலு பக்கத்தால் பார்ப்பது என்று எழுதினால் விளங்குகிறது, ஆனால் ஒரு பின்னேரம் ஏழு பேர் கதிரை போட்டு இருக்கும்போது உண்மையில் என்ன நடக்கும்? ஒருவர் தன் பிரச்சினையைச் சொன்னால் மற்ற ஆறு பேரும் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவோமே, எங்கள் சனத்தைத் தெரியும்தானே.

கோப்பாய் நேர்ஸ்:

அக்கா, இதற்கு நான் எழுதுகிறேன். எங்கள் குழுவில் நடந்த ஒன்று, சம்பந்தப்பட்டவவிடம் கேட்டுவிட்டு, ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன்.

அவ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நுண்கடனுக்குப் பிணை நின்றவ. தெரியும்தானே, நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆளுக்காள் கையெழுத்து வைக்கிற கடன், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வெளிநாட்டுக்குப் போய்விட்டா. அதன்பிறகு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை லோன் பொடியன் வந்து இவவின் விறாந்தையில் இருப்பான், காசு வாங்காமல் எழும்பமாட்டான். சங்கிலியும் அடைவுக்குப் போய்விட்டது.

சொல்லி முடிக்க முன்னமே நீங்கள் பயந்த மாதிரியே தொடங்கிவிட்டது. பொலிசுக்குப் போங்கோ, சட்டத்தரணியைப் பிடியுங்கோ, கையெழுத்து வைக்க முதல் யோசிச்சிருக்க வேணும். அன்று நடத்திய அண்ணை கையைக் காட்டி நிற்பாட்டினார். “புத்திமதி கடைசியில, இப்ப கேள்வி மட்டும்” என்றார். பிறகு அவவிடம், “நடந்ததில எந்த நேரம் உங்களுக்குக் கூடக் குத்தினது?” என்று கேட்டார். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: “அவன் தண்ணி கேட்டவன், நான் செம்பில குடுத்தனான், குடிச்சிட்டுச் செம்பைத் தந்திட்டுத் திரும்ப அதே இடத்தில இருந்திட்டான்.” காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் எல்லாரும் காசைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வேதம். ஒருவர் டக்கென்று நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் என்றார், அயலானுக்குப் பிணைப்பட்டவன் தன் வாயின் சொல்லால் சிக்கிக்கொண்டான் என்று வருகிற இடம். அவவின் முகம் சுருங்கிவிட்டது. சரி, அதுவும் வேதம்தான், மறைக்கமுடியாது. அப்போது வயதான ஒரு ஐயா, அப்படியென்றால் யூதா என்ன செய்தான், பென்யமீனுக்கு நான் பிணை என்று தகப்பனிடம் சொன்னானே என்று ஆதியாகமம் 43 ஐ எடுத்தார். பிறகு ஒனேசிமுவின் கடனை என் கணக்கில் வை என்று பவுல் பிலேமோனுக்கு எழுதினது வந்தது. எபிரெயர் 7 இல் இயேசுவையே உடன்படிக்கைக்குப் பிணையாளி என்று சொல்கிறது என்று யாரோ சொல்ல, ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரே வேதத்துக்குள் ஒரு பக்கம் பிணை நிற்காதே என்கிறது, இன்னொரு பக்கம் எங்கள் இரட்சிப்பே ஒருவர் பிணை நின்றதில்தான் தங்கியிருக்கிறது. எது சரி என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அவவைப் பார்த்து “யோசிச்சிருக்க வேணும்” என்று சொன்ன வாய்கள் அடங்கிவிட்டன.

சமூகம் என்ற பக்கத்துக்கு வந்தபோது ஏ.எல் படிக்கிற ஒரு பிள்ளைதான் சொன்னது, இந்தக் குழுக்கடன் அயலவர்களை ஒருவருக்கு ஒருவர் காவல்காரர் ஆக்குகிறது, கொம்பனிக்குச் செலவில்லாமல். 2018 இல் அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது, உச்சவரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முதல் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கோ. அப்போது நெகேமியா ஐந்தாம் அதிகாரம் வாசித்தோம். பிள்ளைகளை அடிமையாக விட்டு வயலை அடகு வைத்த சனம் முறையிடுகிறது, கடன் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை, சொந்தச் சகோதரர்கள். நூற்றுக்கு ஒன்று வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் நெகேமியா. அதுவும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதைச் சபைக்கு முன்னால் வைத்துக்கொண்டு. அந்த இடத்தில்தான் நாலாம் பக்கம் தானாகத் திறந்தது, ஏனென்றால் எங்கள் சபைக்குள்ளேயே மீற்றர் வட்டிக்குக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், காணிக்கைப் பட்டியலில் முன்னுக்கு நிற்கிறவர்கள். நாங்கள் எல்லாரும் அறிவோம், ஒருவரும் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று அண்ணை கேட்டார். அதற்கு அன்று பதில் வரவில்லை.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், கடனைச் சேர்ந்து கட்டவில்லை, எங்களிடம் அந்தளவு காசும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை குழுவில் இரண்டு பேர் போய் அவவோடு விறாந்தையில் இருந்தார்கள். வங்கியில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவர் ஒப்பந்தக் கடதாசியை வாசித்துப் பார்த்தார், ஏற்கனவே கட்டினதைக் கொம்பனி சரியாகக் கழிக்கவில்லை என்று கண்டுபிடித்தார். கடன் இன்னும் இருக்கிறது. பொடியன் இப்போது படலையில் நின்று காசை வாங்கிக்கொண்டு போகிறான்.

இவ்வளவும் இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு கிழமையும் இப்படி வராது, சில நாள் சப்பென்று போகும், அதற்காக விட்டுவிடாதேங்கோ. இன்னொன்று, முதல் நாளே எல்லார் வாயாலும் ஒரு வாக்கு வாங்குங்கோ, இங்கே கேட்டது ஒழுங்கைக்குப் போகக்கூடாது. வட்ஸ்அப் குறூப் வைத்தால் நேரத்தையும் அதிகாரத்தையும் மட்டும் போடுங்கோ, கதையைப் போடவேண்டாம்.

சத்தியவசனம்:

எல்லாரும் நல்லாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேதம்தான் எங்களை நியாயந்தீர்க்கவேண்டும், நாங்கள் கதிரை போட்டு இருந்து வேதத்தை நியாயந்தீர்ப்பதா? நீதிமொழிகள் பிணை நிற்காதே என்று தெளிவாகச் சொல்கிறது, அதில் என்ன நாலு பக்கம்? அபிஷேகம் பெற்ற போதகர் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு வியாக்கியானம் வந்து, கடைசியில் துர்உபதேசத்தில்தான் முடியும்.

பருத்தித்துறை வாத்தியார்:

தம்பி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அடிப்படை படிக்காமல் ஆளுக்கொன்று சொல்வது ஆபத்துத்தான், அதனால்தான் முதலிலேயே அடிக்குறிப்போடு படியுங்கோ என்றேன். ஆனால் அப்போஸ்தலர் 18 ஐப் பாருங்கோ. அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், ஜெபாலயத்தில் நின்று பேசுகிற ஆள். அவனைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாகச் சொல்லிக்கொடுத்தது யார்? கூடாரம் தைக்கிற தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். மற்றது, அந்தக் குழு நீதிமொழிகளைத் தள்ளிவைக்கவில்லை, ஆதியாகமத்தையும் எபிரெயரையும் பக்கத்தில் வைத்தது. வேதத்தை வேதத்தால் விளக்குவது என்று உங்கள் போதகரும் சொல்லுவார். பெரிய விஷயம், நாவலர் சைவராக இருந்துகொண்டே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதத்தைத் தமிழாக்கின ஊர் இது, ஞானஸ்நானம் பெற்ற நாங்கள் அதை வைத்துக் கேள்வி கேட்டால் பூமி பிளக்காது.

சத்தியவசனம்:

பிரிஸ்கில்லா விஷயம் யோசிக்கவேண்டியதுதான் ஐயா. ஆனாலும் போதகருக்குத் தெரியாமல் நடத்துவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மெல்பேர்ண் மாமா:

அதில் தம்பி சொல்வது சரி. தங்கச்சி, தொடங்கிவிட்டுச் சொல்லவேண்டாம், தொடங்க முதல் போய்ச் சொல்லுங்கோ. அனுமதி கேட்கிற மாதிரிப் போனால் “பார்ப்போம்” என்பார், அது வருடக்கணக்கில் பார்ப்பதாக முடியும். “ஐயா, மாதக் கடைசியில் எங்கள் கேள்விகளைச் சேர்த்து உங்களிடம் கொண்டுவருவோம், ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தாங்கோ” என்று கேளுங்கோ. வெள்ளிக்கிழமை “ஏதும் கேள்வி இருக்கா” என்று கேட்டுப் பதில் வராமல் வீட்டுக்குப் போகிறது அவருக்கும் மனவருத்தமாகத்தான் இருக்கும். நடத்துகிற வேலையை ஒருவரே வைத்திருக்கவும் வேண்டாம், இரண்டு பேர் மாறி மாறிச் செய்யுங்கோ. கதைக்க ஆசைப்படுகிற ஆளைவிடக் கேட்க ஆசைப்படுகிற ஆளைப் போடுங்கோ.

மானிப்பாய்க்காரி:

சரி மாமா, நாளைக்கே ஐயாவைப் பார்க்கிறேன். ஞாயிறு பின்னேரம் நாலு மணி என்று யோசித்திருக்கிறோம், இருட்ட முதல் பிள்ளைகள் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்விடலாம். முதலில் நெகேமியாவா மாற்குவா என்று இன்னும் முடிவில்லை, கடைக்கார அண்ணை ஐந்தாம் அதிகாரம் வேண்டாமாம், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். திருவிவிலியம் யாரிடமாவது பாவிக்காமல் இருந்தால் சொல்லுங்கோ, மூன்று பிரதி தேவை.

கோப்பாய் நேர்ஸ்:

என்னிடம் ஒன்று இருக்கு அக்கா, அட்டை மட்டும் கழன்றது. நெகேமியாவையே எடுங்கோ.